துண்டுக்கு அடியில் இரண்டு பெட்டிகள்

ஞாயிறு மதியம்

அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நேற்று ராத்திரிதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நமக்குள் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. நீ வராந்தாவில் நின்றுகொண்டு பேசுகிறாய். பின்னாலிருந்து உன் மாணவிகள் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு மழை பெய்ததா என்று கேட்டு வைக்கிறேன். அதனால்தான் ஆஸ்பத்திரியின் பழைய லெட்டர் பேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன். என் வெள்ளைக் கோட்டை உன் நீலப் போர்வையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். இப்போது அது என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. புது யூனிஃபார்மா என்று காது டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றது.

வேலையில் மண்டை காய்கிறது. சர்டிஃபிகேட் வாங்க வருகிறவர்களின் கூட்டம். ஒரு நாளைக்கு முப்பது காது என்ற கணக்கில் சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, "கூ"வென்று கேட்டால் அழுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. வியாழக்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார். படபடவென்று அழுத்தினார். எனக்குச் சந்தேகம் வந்து, சத்தமே கொடுக்காமல் ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஏழு தடவை அழுத்திவிட்டார். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற முகத்தோடு அழுத்துகிறார். வெளியே வந்ததும் "சத்தியமா கேட்டுச்சு சார்" என்றார். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெட்டிகள் இரண்டும் நீ விட்டுப்போன இடத்தில், நீ மூடிய துண்டுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. துண்டின் மேல் தூசி படிந்துவிட்டது. கடைக்காரத் தம்பி இரண்டு முறை போன் செய்துவிட்டான். "அண்ணே, ஒண்ண வெச்சுக்குங்க, ஒண்ணத் திருப்பிக் குடுங்கன்னுதானே குடுத்தேன், எதுன்னாச்சும் சொல்லுங்க" என்கிறான். அவன் கேட்பதும் நியாயம்தான். கம்ப்யூட்டரில் வெறும் எண்ணாகக் கிடக்கும் பாட்டை ஒலியலையாக மாற்றுவது டாக், அதைக் காதுக்கு எட்டும் அளவுக்குப் பெருக்குவது ஆம்ப். இந்த இரண்டும் சேர்ந்த பெட்டியில் எது உசத்தி என்பதை இந்த ஊரில் என்னைவிட்டால் யார் ஒழுங்காகச் சோதித்துச் சொல்வார்கள்? நாம்தான் எவ்வளவு முறையாகச் செய்தோம். சத்தம் ஒரு நூலளவு கூடினாலும் அந்தப் பெட்டிதான் நல்லதென்று தோன்றிவிடும் என்று மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் கண்ணால் பார்த்து மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்று துண்டு போட்டு மூடி, ஒரு மாதம் கையால்கூடத் தொடவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு இருபது முறை. நீ பீரோவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காசு சுண்டிப் பார்த்து, சுவிட்சைச் சின்னவன், பெரியவன் என்று நாம் பெயர் வைத்த பெட்டிகளில் ஒன்றின் பக்கம் திருப்புவாய். நான் அரை நிமிஷம் கேட்டுவிட்டுப் பெயரைச் சொல்வேன். நீ நோட்டில் குறிப்பாய். நூற்றுக்கு எழுபத்தொன்பது சரி! அது போகட்டும். முடிவைத் தம்பியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி, ஆனால் துண்டை எடுக்க மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்க இரண்டு மாதம் வெளியூர் போகிறேன் என்பதை நீ கிளம்புகிற முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரனிடம்கூட இன்னும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருப்பாய். அது எனக்கு வருத்தம்தான்.

இப்போது அவர்களே மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன சொல்லட்டும் என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நன்றாக யோசித்துச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் கணவன்

*

புதன் மாலை

சிஸ்டரம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நான் வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியிலேயே நிறுத்தினார். கையில் கறுப்பாக ஒரு அடாப்டர். "அண்ணா, இத அக்கா குடுத்து ரெண்டு மாசமாச்சு. எங்க இன்டர்நெட் பெட்டியோடது எரிஞ்சுபோச்சுன்னு சொன்னதும், இதுவும் பன்னெண்டு வோல்ட்டுதான், போட்டுக்கோன்னாங்க. புதுசு வாங்கிட்டேன், திருப்பிக் குடுக்கவே மறந்துட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அடாப்டரின் வயிற்றில் வெள்ளை டேப் ஒட்டி, என் கையெழுத்தில் 'பெரியவன்' என்று இருந்தது.

அக்கா எந்தக் கிழமை கொடுத்தாள் என்று கேட்டேன். ஒரு புதன்கிழமை என்றும், அன்றைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது என்றும் சொன்னார். மேலே வந்து காலண்டரைப் பார்த்தேன். நம் முதல் ஞாயிறுக்கு அடுத்த புதன்.

துண்டை எடுத்தேன். சின்னவன் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறான். பெரியவன் செத்துக் கிடக்கிறான். கரண்டே இல்லாமல் நான்கு ஞாயிற்றுக்கிழமை! சுவிட்சை அவன் பக்கம் திருப்பியிருந்தால் ஹெட்போனில் ஒரு மூச்சுச் சத்தம்கூட வந்திருக்காது. வந்தது என்றால் நீ சுவிட்சைத் தொடவே இல்லை. எண்பது தடவையும் எனக்குக் கேட்டது சின்னவன் மட்டும்தான்.

நோட்டை எடுத்து எண்ணினேன். அந்த எண்பதில் நாற்பத்தொரு தடவை "இது பெரியவன்" என்று சொல்லியிருக்கிறேன். சும்மா சொன்னேனா? "கருவிக்கும் கருவிக்கும் நடுவுல காத்து போகுது", "குரல் திரையிலேர்ந்து வெளிய வருது", "சின்னவன்ல இந்த ஆழம் இல்ல". எல்லாவற்றையும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். இதைக் காது டாக்டரிடம் டீ குடிக்கும்போது நான் விளக்கி, அவர் தலையாட்டி, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து... நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிறவனுக்கே காது குத்திவிட்டாய்.

நேரே கீழே போய்த் தையல்காரம்மாவைக் கூட்டிவந்தேன். பாவம், பாதி தைத்த சட்டையோடு வந்தார். அடாப்டரைச் சொருகி, மறுபடி மீட்டர் பிடித்து, அவரைப் பீரோவுக்குப் பின்னால் உட்காரவைத்து இருபது தடவை செய்தேன். பத்து சரி, பத்து தப்பு. நான் கேட்காமல் காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். "முடிஞ்சுதாண்ணா, நான் போலாமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எதற்காக இப்படிச் செய்தாய்? பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தாயா? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே, நானா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்? முப்பதாம் தேதி அவர்களுக்கு என்ன பதில் சொல்வாயோ, அதற்கு முன்னால் எனக்கு இதற்கு ஒரு பதில் சொல்.

கணவன்

*

ஞாயிறு காலை

என் அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். புதன்கிழமைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய். போடாவிட்டால் இப்போது போட்டுவிடு.

நீ கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். நீயோ வார்டில் இன்ஜெக்ஷன் நேரம் சொல்கிற குரலில் வரிசையாகச் சொன்னாய். முதல் ஞாயிறு இருபதுக்குப் பதினொன்று வந்ததும் என் முகம் தொங்கிப்போனதாம். ராத்திரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேனாம். மறுநாள் காலை சட்டைப் பட்டன் அறுந்ததற்கு உன்மேல் எரிந்து விழுந்தேனாம். புதன்கிழமை அடாப்டரைக் கொடுத்தபோது ஞாயிறுக்குள் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாய், வேலையில் மறந்துபோனது. ஞாயிறு உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. சொல்ல வாயெடுப்பதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு, "இது பெரியவன், சந்தேகமே இல்ல" என்றேனாம். "அத கேட்டதும் எனக்கு சிரிப்பு வரலீங்க, பயமாத்தான் இருந்துச்சு. சரின்னு டிக் போட்டேன், நீங்க நம்பணுமேன்னு நடுவுல ரெண்டு மூணு தப்பும் போட்டேன். அன்னைக்கு ராத்திரி நீங்க நல்லா சாப்பிட்டீங்க" என்று சொன்னாய். அப்புறம், "நோட்டுல என் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் டிக்கும் கூட்டுத்தொகையும்தான். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் நீ எழுதியிருப்பதை நேற்றுதான் படித்தேன். முதல் ஞாயிறு: 'முட்டி மாத்திரை தீர்ந்துபோச்சு. காலேஜ்லேர்ந்து லெட்டர். அவர்கிட்ட சொல்லணும்.' இரண்டாவது: 'சொல்லணும்.' மூன்றாவது: 'பாட்டு முடிஞ்சதும் சொல்லணும்', கீழே 'மூட் நல்லா இருக்கு, கெடுக்க வேணாம்.' நான்காவது: 'ஸ்டூல் முட்டிக்கு ஆகல. சொல்லணும்.' ஐந்தாவது பக்கத்தில், 'இன்னைக்குக் கண்டிப்பா.'

முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னாய் என்று போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் நியாயம் பேசியிருந்தேனே, அதை நினைத்தால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்து வாரமாக நீ எனக்கு எட்டடி தூரத்தில், ஒரு பீரோவுக்கு அந்தப் பக்கம், சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். நான் காதை இறுக்க மூடிக்கொண்டு, இல்லாத வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசி ஞாயிறு நீ ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? இருபதாவது முடிந்ததும் எழுந்து வந்து, "பெட்டி மாறினா அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுறீங்க. நான் இல்லேன்னா எத்தனை நாள்ல கண்டுபிடிப்பீங்க?" என்றாய். ஒரு காதில் ஹெட்போன் இருந்தது. கேலி பண்ணுகிறாய் என்று நினைத்து, "மொதல்ல மொத்தம் எவ்வளவுன்னு கூட்டிச் சொல்லு" என்றேன். நீ கூட்டிச் சொன்னாய். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணிமணியைக் கட்டினாய்.

அந்த பஸ் டிரைவர் வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை சோதனையை ஆரம்பிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். "அழுத்தலேன்னா செவிடுன்னு எழுதிடுவீங்களோன்னு பயம் சார். பயத்துல கேக்குற மாதிரியே இருந்துச்சு" என்றார். பொய் சொல்கிறார் என்றுதானே உனக்கு எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் கேட்டது. நல்ல காது இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது, சொல்? அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்டிருக்கிறது. தண்ணீர் குடிக்கவைத்து, நிதானமாகச் செய்தேன். வண்டி ஓட்டப் போதுமான காது அவருக்கு இருக்கிறது.

பெரியவனைத் துடைத்து, அடாப்டரோடு நேற்றே கடைக்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். முடிவு என்ன என்று கேட்டான். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை தம்பி என்று உள்ளதைச் சொன்னேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியாதுண்ணே, வெளிய சொல்லிடாதீங்க" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து வாரத்துக்கும் மேலாகி நேற்றுதான் சிரித்தேன் என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. சின்னவன் இருக்கிறான். நேற்று கொஞ்சம் பாட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஸ்டூலைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். முட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டாயா? எந்த மாத்திரை என்று எனக்குப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் உன் இடது கால் வலிக்கிறது என்பது எனக்கு ஒரு வருஷமாகவே தெரியும். நீ மாடி ஏறி வரும்போது வலது செருப்பு தட்டென்று விழும், இடது செருப்பு லேசாக இழுபடும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நொடி நிற்பாய். பிறகு சாவிக்கொத்தைப் பைக்குள் தேடுகிற சத்தம். இதையெல்லாம் தினமும் கேட்டிருக்கிறேன். ஏன் இழுக்கிறது என்று ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டதில்லை. இதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ போன திங்கட்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைக் கையில் எடுத்தேன். மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று எனக்கே புரியவில்லை. நீ வழக்கமாக வருகிற ஆறு பத்துக்குப் படியில் காலடி கேட்டது. மூன்றாவது படியிலேயே நீ இல்லை என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இதுதான் என் சோதனை. கண்ணை மூடிக்கொள்கிறேன். தையல்காரம்மா, பார்சல் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டுக்காரர், யாரோ ஒருவர் ஏறுகிறார். நீ இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். கதவைத் திறந்து பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது. நேற்றோடு நாற்பத்தொரு நாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறந்ததிலிருந்து எந்தச் சோதனையிலும் நான் இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

எத்தனை நாளில் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாயே. முதல் நாளே, ஆறு பத்துக்கு.

இப்போது முப்பதாம் தேதி விஷயம். உன் இஷ்டம் என்று இரண்டு தடவை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது பெருந்தன்மை இல்லை, வேண்டும் என்று கேட்க வாய் வராமல் சொன்னது. என் இஷ்டத்தைச் சொல்கிறேன். நீ இருக்கிற வீட்டில் நான் இருக்க வேண்டும். அந்த மூன்று வருஷ வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்பது உன் குரலிலேயே தெரிகிறது. வராந்தாவில் உன்னைக் கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு, "தோ வரேன்" என்று நீ பதில் சொல்வதை நான் இங்கே ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. அதனால் சரி என்று சொல்லிவிடு. நானும் அங்கே வருகிறேன். காது எல்லா ஊரிலும் இருக்கிறது, எனக்கு ஒரு வேலை கிடைக்காமலா போய்விடும். அங்கே இருக்க வேண்டாம், திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றினாலும் சரிதான். எதுவானாலும் முப்பதாம் தேதிக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல். "சாப்பிட்டாச்சா"வுக்கு முன்னால் சொல், பிறகு சொல்லலாம் என்று ஓரத்தில் எழுதி வைக்காதே.

நான் அங்கே வருவதாக இருந்தால், வீடு பார்க்கும்போது தரைத்தளமாகப் பார். மாடிதான் கிடைக்கிறது என்றால், சாயங்காலம் மெதுவாக ஏறி வா. திருப்பத்தில் வேண்டிய மட்டும் நின்றுகொள். அவசரமில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்